நின்று கிடந்த வண்டி

இல்லமும் கருவியும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குப் போய்வருதல் வழக்கம். கோடை விடுமுறை என்றால் ஒரு திங்கள்; வீட்டில் மூத்தவருக்கு உடல்நலம் குன்றினால் ஆறு திங்கள்; நில விவகாரம் என்று போய்விட்டாலோ ஓராண்டும் கடந்துவிடும். புறப்படுமுன் வீட்டைப் பூட்டுகிறோம். சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம். பால்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் சொல்லி வைக்கிறோம். மாடிப்படியின் கீழ் நிற்கும் ஸ்கூட்டரை மட்டும் எவரும் நினைப்பதில்லை. திரும்பி வந்து உதைத்தால் இருபது உதைக்குப் பின் ஒருவாறு உயிர் பெறுகிறது. ஆனால் இழுவை இல்லை. சமதரையில் தவழ்கிறது, மேம்பாலத்தைக் கண்டால் மூச்சு வாங்குகிறது.

நம் சங்கத்தைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் இத்தகைய இடர் ஒன்றைப் பற்றி நமக்கு எழுதியிருந்தார். அவருடைய கணவர் காலஞ்சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் ஓட்டிவந்த பஜாஜ் சேத்தக் அன்று முதல் நின்றுகொண்டே இருந்தது. இப்போது மகனுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லப் பேருந்து கிடையாது. வண்டியைப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார். "என்ஜின் போய்விட்டது. இறக்கி ரீபோர் செய்ய வேண்டும், இல்லையேல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று அங்கே கூறினராம். மகனின் முதல் மாதச் சம்பளமே இன்னும் கைக்கு வராத நிலையில் கடன் வாங்கிச் செலவு செய்வதா, கணவரின் வண்டியை எடைக்குப் போடுவதா என்பதே அவருடைய வினா. இதே நிலையில் வேறு அன்பர்களும் இருக்கக்கூடும் ஆதலின், இத்திங்கள் இதனையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு தெளிவு. சேத்தக் ஸ்கூட்டர் 1972 முதல் பல்லாண்டுகள் வெளிவந்தது. பிற்காலத்தில் நான்கு ஸ்ட்ரோக் வகையும் வந்ததாயினும், நம்மவர் இல்லங்களில் நிற்பன பெரும்பாலும் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் வகையே. இங்கு நாம் பேசுவது அதைப் பற்றித்தான். 2020 முதல் அதே பெயரில் விற்கப்படும் மின்சார வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தேய்மானம் வேறு, தேக்கம் வேறு

வண்டிக்கு வரும் கேடு இருவகைப்படும். ஓடுவதால் வருவது ஒன்று. நிற்பதால் வருவது மற்றொன்று. ஓடும் வண்டியில் பிஸ்டன் தேயும், வளையங்கள் தேயும், சிலிண்டர் அகலும். இது சிறுகச் சிறுக வருவது. நிற்கும் வண்டியில் எதுவும் உராய்வதில்லை. ஆகையால் தேய்வதும் இல்லை. அதற்குப் பதிலாகப் பெட்ரோல் கெடுகிறது, சிறு துளைகள் அடைபடுகின்றன, இரும்பு துருப்பிடிக்கிறது, ரப்பர் காய்ந்து விறைக்கிறது, பூச்சிகள் குடியேறுகின்றன.

எனவே முதல் வினா இதுதான்: நிறுத்திய நாளில் வண்டி எப்படி ஓடிற்று? அன்றே இழுவை குன்றியிருந்தால் பட்டறைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கலாம். அன்று நன்றாக ஓடிய வண்டி என்றால், பூட்டிய வீட்டில் நின்ற இரண்டு ஆண்டுகளில் சிலிண்டர் தேய்ந்திருக்க வழியே இல்லை. ரீபோர் என்பது தேய்மானத்துக்கு மருந்து, தேக்கத்துக்கு அன்று. அம்மையாரின் கணவர் கடைசி வாரம் வரை அவ்வண்டியில்தான் வேலைக்குச் சென்று வந்திருக்கிறார். இந்த ஒரு செய்தியே நமக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவதாக நினைவிற்கொள்ள வேண்டியது, நின்ற வண்டியில் குறை பெரும்பாலும் ஒன்றாக இராது என்பது. நான்கு சிறு திருடர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சென்றது போன்ற நிலை அது. ஒருவனைப் பிடித்ததும் களவு முழுவதும் மீளவில்லையே என்று சோர்ந்து, "இனி என்ஜினைத்தான் பிரிக்க வேண்டும்" என்று முடிவு செய்வதே பெரும்பாலோர் செய்யும் தவறு. ஆகவே ஒன்றைச் சரி செய்க, ஓட்டிப் பார்க்க, ஒரு தாளில் குறித்துக்கொள்க, பிறகு அடுத்ததைத் தொடுக. ஒரே நாளில் நான்கையும் மாற்றிவிட்டால் எது நோய், எது மருந்து என்று தெரியாமலே போகும். ஓட்டிப் பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் அதே சாலையில், அதே ஏற்றத்தில், அதே ஆளுடன் நிகழ வேண்டும். இல்லையேல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

நாமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மையாரின் இல்லத்துக்குச் சென்று, மகனைக் கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்தோம். அத்தெருவின் கோடியில் உள்ள ஏற்றமே நமது அளவுகோலாயிற்று. தொடக்கத்தில் அவ்வேற்றத்தில் வண்டி முதல் கியரில்தான் ஏறியது.

வண்டி உருளுகிறதா?

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு 'பிரேக் பைண்டிங்' என்ற சொல் புதிதன்று. பிரேக் முற்றும் விடுபடாமல் சக்கரத்தைப் பற்றிக்கொண்டிருந்தால் எவ்வளவு வலிய என்ஜினும் திணறும், சக்கரம் சூடேறும். அப்போது எவரும் என்ஜினைக் கழற்றப் புறப்படுவதில்லை, பிரேக்கை விடுவிக்கிறார்கள். ஸ்கூட்டருக்கும் இதுவே விதி. வண்டி ஓட மாட்டேன் என்பது வேறு. ஓட விடாமல் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருப்பது வேறு.

இதைக் காண என்ஜினைக் கிளப்பவும் தேவையில்லை. கியரை நியூட்ரலில் வைத்துச் சமதரையில் தள்ளிப் பாருங்கள். பின் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கையால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும். இரண்டு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்திச் சக்கர டிரம்மின் அருகே கையைக் கொண்டு செல்லுங்கள். சூடு அடித்தால் ஐயமில்லை. பிரேக் கேபிளில் துரு ஏறியிருக்கலாம். அல்லது டிரம்முக்குள் பிரேக் கட்டையை அகற்றித் திருப்பும் கேம் இறுகியிருக்கலாம். அம்மையாரின் வண்டியில் இரண்டாவதே காரணம். கழற்றித் துருவை நீக்கிச் சிறிதளவு கிரீஸ் தடவியதும் பின்சக்கரம் விடுபட்டது. டயர்களில் காற்றும் பாதிக்குக் குறைந்திருந்தது, நிரப்பினோம். ஏற்றத்தில் முன்னிலும் சற்று எளிதாக ஏறிற்று. எனினும் முதல் கியரைவிட முடியவில்லை. திருடரில் ஒருவன் அகப்பட்டான்.

கிளட்சையும் இப்போதே பார்த்துவிடலாம். என்ஜின் மட்டும் இரைந்து வண்டியின் வேகம் ஏறாதிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கேபிள் துருவேறி முழுதும் திரும்பாமல் நிற்பதும் இதற்குக் காரணமாகும். கைப்பிடியில் சிறிதளவு தளர்வு இருக்க வேண்டும். இல்லையேல் அதை முதலில் சரி செய்க. இதுபோலவே ஆக்ஸிலேட்டர் கேபிள். கைப்பிடியை முழுவதும் முறுக்கும்போது கார்புரேட்டரில் உள்ள ஸ்லைடு முழுவதும் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பாதி திறக்கும் ஸ்லைடு பாதி வேகமே தரும்.

பெட்ரோல் என்னும் பழைய சோறு

ஊறிய சோறு ஒரு நாள் அமுதம். பல நாள் நஞ்சு. பெட்ரோலும் அத்தகையதே. அதில் எளிதில் தீப்பற்றும் மெல்லிய பகுதி முதலில் ஆவியாகிவிடுகிறது. எஞ்சியது நாளடைவில் பிசின் போலாகிறது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் மற்றொன்றும் சேர்கிறது: பெட்ரோல் ஆவியானபின் அதிற்கலந்த ஆயில் மட்டும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கி, மயிரிழை போன்ற ஜெட் துளைகளை அடைத்துவிடுகிறது. நாகபுரி போன்ற ஊர்களில் மே மாதத்தில் வெப்பம் 45 பாகையை எட்டுவது வியப்பன்று. அங்கே இது விரைவில் நிகழும்.

இக்காலத்துப் பெட்ரோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலம் முழுதும் மூடி சரியாக இறுகாத டாங்கில் நின்றால், ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டாங்கிலிருந்து முதலில் இறங்குவதும் அந்த அடித்தட்டுதான். அதில் ஆயிலின் பங்கு மிகக் குறைவு. அதைக் குடித்து ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இழுவை குன்றுவதோடு, மசகின்றிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. பட்டறையில் கூறாத சேதத்தை நாமே விளைவித்துக்கொள்ளும் வழி இது. ஆதலால் பல மாதம் நின்ற பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தல் ஆகாது.

டாங்கிலிருந்து சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து மூடி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் அரைமணி நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தாலும், துருத் தூள் படிந்தாலும், பழைய வார்னிஷ் போன்ற நெடி வீசினாலும் முழுவதையும் இறக்கிவிட வேண்டும். இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றலாகாது. மூடிய தகரத்தில் பட்டறையில் ஒப்படைக்கலாம். புதிய பெட்ரோலில், வண்டியின் கையேடு கூறும் அளவுப்படி, பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுங்கள்.

பின் வழியைப் பாருங்கள். கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயைக் கழற்றிப் புட்டிக்குள் விட்டுக் குழாய்த் திருகைத் திறந்தால், பெட்ரோல் தடையின்றி ஒழுகாக வர வேண்டும். சொட்டினால் டாங்கினுள் இருக்கும் வலை அடைபட்டிருக்கிறது. குழாய் விறைத்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்குவது அரிது. டாங்கின் மூடியில் காற்றுப் புகுவதற்கு நுண்ணிய வழி ஒன்றுண்டு. அது தூசியால் அடைபட்டால், வண்டி ஒரு கிலோமீட்டர் நன்றாக ஓடிப் பிறகு தளர்ந்து நிற்கும். சிறிது நேரம் கழித்துத் தானே கிளம்பும். நின்ற கணத்தில் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே செல்லும் ஓசையே சாட்சி.

அடுத்தது கார்புரேட்டர். இதன் நோயை அதன் பேச்சைக் கொண்டே அறியலாம். சோக்கு இழுத்திருந்தால் மட்டும் நின்று ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் சிறிய ஜெட் அடைபட்டிருக்கிறது. மெல்ல ஓடுகையில் நன்றாக இருந்து, முழுவதும் முறுக்கும்போது திணறினால் பெரிய ஜெட்டையோ பெட்ரோல் வரும் வழியையோ ஐயுறுக. எந்நேரமும் கரும்புகை கக்கி மந்தமாக ஓடினால் சோக்கு திரும்பாமல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெட்டை ஊசியாலோ கம்பியாலோ குத்துவது கூடவே கூடாது. துளை ஒரு மயிரளவு அகன்றாலும் கலவை என்றென்றைக்கும் கெட்டுவிடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதுதலே முறை.

அம்மையாரின் வண்டியில் வலையும் அடைபட்டிருந்தது. பெரிய ஜெட்டில் ஆயில் பிசினும் தங்கியிருந்தது. இவ்விரண்டும் நீங்கியதும் இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறியது. மகனின் முகத்தில் முதன்முதல் நம்பிக்கை தெரிந்தது.

மூச்சு வரும் வழியும் போகும் வழியும்

எரிவதற்குக் காற்றும் வேண்டும். எரிந்தது வெளியேறவும் வேண்டும். ஏர் பில்டரில் எலி கூடு கட்டுவதும் சிலந்தி வலை பின்னுவதும் சாதாரணம். பஞ்சு பொடிந்து உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள். பில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வர். அதனால் கலவையும் மாறும், புழுதியும் உட்புகும்.

சைலன்சரைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் எரிந்த கரி அதற்குள் படிவது இயல்பு. அதன் மேல், நின்ற வண்டியின் சைலன்சர் வாய் குளவிக்கு உகந்த வீடு. என்ஜின் ஓடும்போது வாயிலிருந்து ஓரடி தள்ளிக் கையைப் பிடித்தால் துடிப்புடன் புகை தட்ட வேண்டும். பலவீனமாகக் கசிந்தால் அடைப்பு உண்டு. இச்சோதனையை வெட்டவெளியிலேயே செய்க. மூடிய அறையில் சேரும் புகை உயிருக்கே ஊறு. நாம் பார்த்த வண்டியில் சைலன்சர் வாய்க்குள் விரல் நீளத்துக்குக் குளவிக் கூட்டின் மண் இறுகிக் கிடந்தது. அது நீங்கியதும் அதே ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிற்று. கரி மிகுதியாயிருப்பின் அதைப் பட்டறையில் நீக்கச் செய்வதே நலம்.

பொறி

பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பொடியின் நிறம் என்றால் நலம். கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. நின்ற வண்டிக்குப் புதிய பிளக் ஒன்றைப் போட்டுவிடுதல் சிக்கனமே. பழைய வகை வண்டிகளில் காண்டாக்ட் பாயிண்டின் முகத்தில் பாசி படிந்தது போல் மாசு படியும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியைக் கையேட்டின்படி அமைக்க வேண்டும். பிற்கால வண்டிகளில் பாயிண்ட் இல்லை. பிளக்குக்குச் செல்லும் கம்பியும் தொப்பியும் வெடித்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

என்ஜினைத் திறப்பது எப்போது?

இவையெல்லாம் முடிந்தும் இழுவை வரவில்லையெனில், அப்போதுதான் என்ஜினை ஐயுறலாம். அதற்கும் அறிகுறிகள் உண்டு. கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிச் சென்றால், வளையங்கள் சிக்கியிருக்கலாம். அல்லது மழைநீர் புகுந்து சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் இரைச்சல் தணியாமல் தானே ஏறினால், காய்ந்த ஆயில் சீல் வழியே காற்று நுழைகிறது எனலாம். வெண்ணீலப் புகை ஓயாமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்துச் சீல் பழுது. சீல் மாற்றுவதும் ரீபோர் செய்வதும் ஒன்றல்ல, செலவும் ஒன்றல்ல. எந்த அறிகுறி கண்டு எதை மாற்றச் சொல்கிறீர்கள் என்று பட்டறையில் பணிவுடன் கேட்பது நம் உரிமை. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கருவியும் உண்டு. அளக்காமல் அறுவை செய்ய எவரையும் அனுமதியாதீர்கள்.

பட்டறைக்காரரை நாம் குறை கூற வரவில்லை. இவ்வகை வண்டிகளை நன்கறிந்த கைகள் குறைந்து வருகின்றன. ஒரு துளையைத் தேடி இரண்டு ஞாயிறு செலவிட அவர்களுக்கு இயலாது. நம்மால் இயலும். அம்மையாருக்கு ஆன செலவு ஒரு பிளக், ஒரு முழம் ரப்பர்க் குழாய், கழுவும் திரவம், புதிய பெட்ரோல் ஆயில் ஆகியவையே. என்ஜினைத் தொடவில்லை. இரண்டாண்டு காய்ந்த சீல் மட்டும் இன்னும் ஐயத்திற்குரியதே. ஆதலால் கியர் ஆயிலின் அளவைத் திங்கள்தோறும் பார்த்துவருமாறு மகனிடம் கூறியுள்ளோம்.

சாலையில் இறங்குமுன் பிரேக் பிடிக்கிறதா, டயர் வெடித்திருக்கிறதா என்று பார்த்தல் இழுவையைவிட முக்கியம். இழுவையற்ற வண்டியைப் பரீட்சைக்காக மேம்பாலத்தில் ஏற்றாதீர்கள். பின்னால் வரும் லாரி அதை அறியாது. பதிவு 15 ஆண்டுகளைக் கடந்திருந்தால் புதுப்பித்தல் வேண்டும். இன்ஷூரன்சும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

ஊருக்குப் புறப்படுமுன்

இவ்வளவு தொல்லையும் ஒரு மணி நேர வேலையால் தவிரும். ஒரு திங்களுக்கு மேல் நிற்கப்போகிற வண்டியின் டாங்கைக் காலி செய்க. பெட்ரோல் திருகை மூடி, என்ஜின் தானே அணையும் வரை மெதுவாக ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகும். ஆறியபின் பிளக்கைக் கழற்றி அத்துளையில் சில சொட்டு 2டி ஆயில் விட்டு, நான்கு முறை மெல்ல மிதித்துப் பிளக்கைத் திரும்ப மாட்டுக. கேபிள்களுக்கு எண்ணெய் விடுக. சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அது நினைவிலிருக்க ஹாண்டிலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுக. சிவப்பைக் கண்டால் நிற்பது நம் குலவழக்கமன்றோ! பிளாஸ்டிக் விரிப்பால் மூடாமல் பழைய பருத்தி வேட்டியால் மூடினால் ஈரம் தங்காது. அண்டை வீட்டுப் பிள்ளையிடம் "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி வை" என்று சொல்லிச் செல்வதில் பயனில்லை. என்ஜின் முழுதும் சூடேறாமல் அணைந்தால் உள்ளே ஈரமே படியும்.

அடுத்த திங்கள், ஊரிலிருந்து நாம் பாடுபட்டுக் கொண்டுவரும் மாவரைக்கும் கிரைண்டரின் பெல்ட்டும் கல்லும் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அது தொடர்பான ஐயங்களை அன்பர்களும், சிறப்பாக இல்லத்தரசியரும், சங்க முகவரிக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம்.